பார்க்கின்சன் நோயும் தசை வலிமையும்: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் பகுதிகளில் பார்க்கின்சன் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பிசியோதெரபி அளிப்பது என் தொழில். நோயாளியைவிட அவருடைய மனைவியும் மக்களும்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை கை நடுக்கத்தைப் பற்றியவை அல்ல. "உடம்பில் தெம்பே இல்லாமல் போய்விட்டதே" என்னும் கவலையிலிருந்து வருபவை. அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவதாக இருந்தால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்ட பிறகே மாற்ற வேண்டும்.

பார்க்கின்சன் நோய் தசைகளைப் பலவீனமாக்குமா?

இந்தக் கேள்விக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கு மேல். 1817 ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், தசை வலு குறைவதை அதன் அடையாளங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். பிறகு பாரிஸில் பணியாற்றிய ழான் மார்த்தேன் ஷார்கோ, நோயாளிகளின் வலிமை அப்படியொன்றும் பெரிதாகக் குறைவதில்லை என்றும், இதைத் தசை செயலிழக்கும் வாதம் என்று அழைப்பது பொருந்தாது என்றும் வாதிட்டார். நோய்க்குப் பார்க்கின்சனின் பெயர் நிலைத்ததும் ஷார்கோவால்தான்.

இன்றைய அளவீடுகளைப் பார்த்தால் இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நோய் தொடங்குவது தசையில் அல்ல, மூளையின் நடுப்பகுதியில் உள்ள கருமையான ஒரு சிறு திட்டில். அங்கே அசைவுக்கு உதவும் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால், "அசை" என்று மூளை அனுப்பும் கட்டளை தாமதமாகவும், குறைந்த வீரியத்துடனும், விட்டுவிட்டும் தசையை வந்தடைகிறது. தசைநார்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்காமல் முன்னும் பின்னுமாக இழுக்கின்றன. ஆகவே அதே வயதுள்ள பிறரோடு ஒப்பிட்டால் அதிகபட்ச வலிமையும் ஓரளவு குறைவாகவே இருக்கிறது. ஆனால் அந்த வலிமையை விரைவாகத் திரட்டும் திறனில்தான் இழப்பு மிகவும் அதிகம். நோய் முதலில் தொட்ட பக்கத்தில் இந்தக் குறை கூடுதலாகத் தெரியும்.

இதன் மேல் இன்னொரு இழப்பும் வந்து சேர்கிறது. அசைவது சிரமம் என்பதால் நோயாளி அசைவதைக் குறைக்கிறார், அதனால் தசை உண்மையாகவே மெலிகிறது. மூளையில் அழிந்த செல்களை மீட்டுத் தர நம்மிடம் வழியில்லை. ஆனால் பயன்படுத்தாததால் மெலிந்த தசையை எழுபது வயதிலும் எண்பது வயதிலும் மீட்க முடியும். கீழே நான் எழுதியிருப்பவை அனைத்தும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

டாக்டர் கையையும் காலையும் தள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டு "பவர் நார்மல்" என்கிறார். ஆனால் அப்பாவால் சோபாவிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். மருத்துவர் ஒரு நேரத்தில் ஒரு மூட்டை மட்டும், நிதானமாக, சில நொடிகள் சோதிக்கிறார். அப்படிக் கேட்டால் அப்பாவின் தசை தன் வலிமையைக் காட்டிவிடுகிறது. சோபாவிலிருந்து எழுவதற்கோ இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் சரியான வரிசையில், ஓரிரு நொடிக்குள் சேர்ந்து உந்த வேண்டும். உடலின் எடை பாதங்களுக்கு மேலாக முன்னே வந்திருக்க வேண்டும். பார்க்கின்சன் பறிப்பது இந்த வேகத்தையும் ஒருங்கிணைப்பையும்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, கைபேசியில் நேரம் பாருங்கள். விழாமல் பிடிக்க ஒருவர் அருகில் நிற்கட்டும். ஆசிய நாடுகளுக்கான முதியோர் தசைத்தேய்வு வழிகாட்டுதல் 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது. பார்க்கின்சன் நோயாளிக்கு 16 நொடிக்கு மேல் ஆகிறதென்றால் விழும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று பொருள். மாதம் ஒரு முறை, மருந்து வேலை செய்யும் அதே நேரத்தில் அளந்து தேதியுடன் குறித்து வையுங்கள். "போன தடவையைவிட மோசம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தக் குறிப்பு மருத்துவருக்குப் பல மடங்கு உதவும்.

மாத்திரை போட்டால் பலம் வருமா?

வரும். இந்நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபா வேலை செய்யும் "ஆன்" நேரத்தில் அளக்கும் வலிமை, மருந்து வடிந்துபோன "ஆஃப்" நேரத்தில் அளப்பதைவிடத் தெளிவாகக் கூடுதலாகவே இருக்கும். தசை அதேதான், கட்டளை தெளிவாக வந்து சேர்கிறது, அவ்வளவே. ஆகவே பயிற்சியை "ஆன்" நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு மாத்திரை போட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அது தொடங்கும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். விடியற்காலையில், முதல் மாத்திரைக்கு முன்பே, குளித்துவிட்டுப் பயிற்சி செய்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்கள் உண்டு. அந்த ஒழுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் இந்த நோயில் அதே பயிற்சியை ஒன்றரை மணி நேரம் தள்ளிச் செய்தால் பலன் அதிகம், விழும் ஆபத்து குறைவு.

பயிற்சியால் நோயே குறையுமா, இல்லை தசை மட்டும்தான் வளருமா?

நோய் குணமாகும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பயன் தசையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 48 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் படிப்படியாக எடை கூட்டும் பயிற்சியையும், மற்றவர்களுக்கு நீட்டல், சமநிலை முதலிய பொதுப் பயிற்சியையும் வாரம் இரண்டு நாள் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 2013 இல் அதன் முடிவு வெளியானது. மருந்து இல்லாத நிலையில் அளந்தபோதும், எடைப் பயிற்சி செய்தவர்களின் நடுக்கம், விறைப்பு, மந்தம் ஆகியவற்றின் மொத்த மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடக் கணிசமாக நன்றாக இருந்தது.

இரண்டு பிரிவினருமே பயிற்சி செய்தவர்கள்தாம் என்பதை மறக்க வேண்டாம். ஏதோ கொஞ்சம் கை காலை ஆட்டினால் போதும் என்னும் நினைப்பை இந்த ஆய்வு தகர்க்கிறது. சுமை கூடிக்கொண்டே போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடரவும் வேண்டும்.

எந்தத் தசைகளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும்?

இந்நோய் உடலை முன்னோக்கி மடக்குகிறது. கழுத்து குனிகிறது, முதுகு வளைகிறது, முழங்கையும் முழங்காலும் மடங்குகின்றன. எனவே நிமிர்த்தும் தசைகளைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும். முதுகின் நெடுக ஓடும் தசைகள், தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுப்பவை, பிட்டம், தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், பாதத்தை மேலே தூக்கும் முன்கால் தசை ஆகியவை அவை. ஜிம்முக்குப் போகும் பேரன் கற்றுக்கொடுத்தான் என்று டம்பெல்லை எடுத்து முழங்கையை மடக்கும் பயிற்சியை மட்டும் செய்பவர்களைப் பார்க்கிறேன். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் தாத்தாவை நாற்காலியிலிருந்து எழுப்பப்போவது அந்தத் தசை அல்ல.

சின்ன ஃபிளாட்டில், கருவிகள் எதுவும் இல்லாமல் என்ன செய்யலாம்?

ஒரே ஒரு பயிற்சியைத்தான் சொல்லலாம் என்றால் உட்கார்ந்து எழுவதைச் சொல்வேன்.

சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சோபா வேண்டாம், அதில் உடல் அமிழ்ந்துவிடும். நோயாளி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். பாதங்கள் இடுப்பு அகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: காலை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்தபடியே எழப் பார்ப்பார்கள்; பத்து முறை முயன்றாலும் முடியாது. கைகளை முன்னால் நீட்டி, மூக்கு கால் விரல்களைத் தாண்டும் அளவுக்கு முன்னே சாய்ந்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று உரக்க எண்ணி, மூன்றில் சட்டென்று எழ வேண்டும். எழுந்ததும் இடுப்பையும் முழங்காலையும் முழுமையாக நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்த்து இரண்டு நொடி நிற்க வேண்டும். உட்காரும்போது நான்கு எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பயிற்சியில் பாதி வீணாகிவிடும், முதுகெலும்புக்கும் நல்லதல்ல. எழும்போது வேகம், இறங்கும்போது நிதானம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முறையில் தொடங்கலாம். அது எளிதானால் ஒரு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஜன்னல் கம்பியில் எலாஸ்டிக் பேண்டைக் கட்டி முழங்கைகளைப் பின்னுக்கு இழுப்பது, கட்டடத்தின் முதல் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி இறங்குவது ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி வலுவுக்கு ஈரத் துணியை இரு கைகளாலும் முறுக்கிப் பிழிவதும் சப்பாத்தி மாவு பிசைவதும் நல்லவை. எல்லா அசைவுகளையும் அவருக்கே மிகையாகத் தோன்றும் அளவுக்குப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் அவருடைய மூளை சின்ன அசைவையே முழு அசைவு என்று கணக்கிடுகிறது.

வாரத்தில் எத்தனை நாள்? எவ்வளவு எடை?

வலிமைப் பயிற்சி வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டு, ஏறக்குறைய அரை மணி நேரம். பத்து முதல் பதினைந்து முறை செய்யும்போது கடைசி இரண்டு முறை கடினமாக இருந்தால் அதுவே சரியான எடை. மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் அடக்க முடியாது. இதய நோய், எலும்புத் தேய்வு, கண்புரை அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

மாமா தினமும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்கிறாரே, அது போதாதா?

நடை இதயத்துக்கும் மனத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது, கட்டாயம் தொடரட்டும். ஆனால் சமதரையில் பழகிய வேகத்தில் நடப்பது தசையை வளர்க்காது, வலிமைப் பயிற்சிக்கு ஈடாகவும் ஆகாது. நடையிலும் சற்றே மூச்சு வாங்கும் வேகம் வேண்டும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் செப்டம்பர் முடியும் வரை இந்த ஊரில் வயதானவர்களின் நடை நின்றுபோகிறது; அந்த மாதங்களில் இழந்த தெம்பை அக்டோபரில் தேடுகிறார்கள். மழைக்காலத்துக்கு வீட்டுப் பயிற்சியை மே மாதத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். கட்டடத்தின் உள்நடை, மாடிப்படி, ஸ்டேஷனரி சைக்கிள் எதுவானாலும் சரி. மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சி பற்றியும் ஒரு சொல்: 2012 இல் வெளியான, 195 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வொன்றில், அதை வாரம் இரண்டு முறை ஆறு மாதம் செய்தவர்களின் சமநிலை நன்கு தேறியது.

திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது என்கிறார். அதுவும் பலவீனமா?

இல்லை. அது உறைநிலை. வாசற்படி, குறுகலான இடம், திரும்புதல், கூட்டம், அவசரம் ஆகியவை அதைத் தூண்டும். தாதர் ஸ்டேஷனில் இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், கால் நகரவில்லை என்றால் அதைவிட ஆபத்து வேறில்லை. கையைப் பிடித்து இழுக்காதீர்கள்; உடல் முன்னே வரும், கால் வராது, விழுவார். நிற்கச் சொல்லுங்கள். எடையை இடமும் வலமுமாக மாற்றச் சொல்லி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, ஒரு கோட்டைத் தாண்டுவதுபோல் பெரிய அடி வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் குளியலறை வாசலில் பளிச்சென்ற நிறத்தில் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டிவிட்டால் பலருக்கு உதவுகிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் பார்க்கின்சன் நோயும் இருக்கிறது. பாதிப்பு அதிகமுள்ளவர்கள் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெய் தேய்த்துவிட்டால் பலம் வருமா? பூனைக்காலிப் பொடி கொடுக்கலாமா?

எண்ணெய் தேய்த்தால் விறைப்பும் வலியும் தணியும், உறக்கம் வரும். பயிற்சிக்கு முன் தேய்த்துவிடுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் படுத்திருப்பவரின் தசையைப் பிறர் பிசைவதால் அது வளராது. பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது என்பதால்தான் எச்சரிக்கை வேண்டும். மாத்திரையோடு அதையும் சேர்த்தால் மருந்து இரட்டிப்பாகி, கட்டுக்கடங்காத உடல் அசைவும், ரத்த அழுத்தச் சரிவும், மனக்குழப்பமும் வரலாம். நரம்பியல் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

தசைக்குப் புரதம் வேண்டும் என்கிறார்கள். புரதம் மாத்திரையைத் தடுக்கும் என்றும் சொல்கிறார்கள். என்னதான் சாப்பிடுவது?

இரண்டும் உண்மைதான். லெவோடோபாவும் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே வழியில்தான் நுழைகின்றன. பருப்பும் தயிரும் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் அது பின்தங்கிவிடுகிறது. இதற்குத் தீர்வு புரதத்தைக் குறைப்பதல்ல, நேரத்தைப் பிரிப்பது. பொதுவாக மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணிக்கு மேல் கழித்தோ போடச் சொல்வார்கள். இப்படிப் பிரித்தும் பகலில் மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்றால், புரதத்தின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

பயந்துபோய்ப் பருப்பையே நிறுத்திவிட்டு ரசம் சாதமும் அப்பளமுமாக வாழும் வீடுகளைக் கண்டிருக்கிறேன்; அவர்கள் உடல் எடையையும் தசையையும் சேர்த்தே இழக்கிறார்கள். வயதானவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஏழெட்டு கிராமும், ஒரு முட்டையில் ஆறு கிராமும், நூறு கிராம் பனீரில் ஏறத்தாழ பதினெட்டு கிராமும் கிடைக்கும். இரண்டு இட்லியும் சட்னியும் இந்தக் கணக்கில் மிகச் சிறியவை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

பயிற்சி, மருந்து, சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தும் பலவீனம் கூடுகிறது. ஏன்?

எல்லாவற்றையும் பார்க்கின்சன் மேல் போட்டுவிடாதீர்கள். சைவ உணவுக்காரர்களுக்கும் நெடுநாள் லெவோடோபா, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் வைட்டமின் பி12 குறைவது சாதாரணம். அதனால் கால் மரத்துப்போகும், தள்ளாடும். வைட்டமின் டி, தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். எழுந்து நின்றதும் கால் துவண்டால், படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வும் இந்நோயின் ஒரு பகுதியே. அதைச் "சோம்பேறித்தனம்" என்று வீட்டார் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முக்கியமான இன்னொன்று: குமட்டலுக்கும் வாயுத் தொல்லைக்கும் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு, லெவோசல்பிரைடு, தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னாரிசின் போன்றவை டோபமினின் வேலையைத் தடுப்பவை. அசிடிட்டி மாத்திரையோடு கலந்தும் அவை வருகின்றன. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்.

மூளையில் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை செய்துவிட்டால் பயிற்சி தேவையில்லையா?

தேவை. அது கட்டளையைச் சீராக்கும். மெலிந்த தசையை வளர்க்காது.

குரலும் இறங்கிவிட்டது, சாப்பிடும்போது புரையேறுகிறது. அதற்கும் பயிற்சி உண்டா?

உண்டு. மூச்சை வெளிவிடும் தசைகளும் தொண்டைத் தசைகளும் இதே மந்தத்துக்கு ஆளாகின்றன. பேச்சுப் பயிற்சியாளரிடம் உரத்துப் பேசும் பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். புரையேறுவதைத் தள்ளிப்போடாதீர்கள், அது நிமோனியாவில் முடியலாம்.

அப்பா சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சட்டை போடுவது, எழுப்பிவிடுவது எல்லாவற்றையும் நாங்களே செய்கிறோம். சரிதானே?

அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் அனுபவத்தில் தசை வேகமாகக் கரைவது இப்படிப்பட்ட வீடுகளில்தான். ஒரு நாளில் இருபது முறை எழுந்து உட்காருபவரை நீங்கள் தூக்கிவிட்டால், இருபது முறை பயிற்சியைப் பறித்துவிடுகிறீர்கள். சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆனால் பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்கச் சொல்லுங்கள். உதவி தேவைப்படும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நொந்துபோகும். பக்கத்தில் நின்று, இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்து, அவர் எண்ணும்போது கூடவே எண்ணி, அவர் முயற்சிக்குக் கொஞ்சமே துணை கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும், இரவுக்கு வைத்திருக்கும் ஆளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

தனியாகச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. குழுக்கள் இருக்கின்றனவா?

2001 ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட பார்க்கின்சன் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸார்டர் சொசைட்டி நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆதரவுக் குழுக்களை நடத்துகிறது. மராத்தியும் இந்தியும் சரளமாக வராது என்று தயங்கும் பாட்டிகளையும் நான் அனுப்புவதுண்டு. கையைப் பெரிதாக வீசுவதற்கு மொழி தேவையில்லை, எதிரே இருப்பவருக்கும் அதே சிரமம் என்று பார்ப்பதே அவர்களைத் திரும்பத் திரும்பப் போக வைக்கிறது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பார்க்கின்சன் பலவீனம் மாதக்கணக்கில் வருவது, மணிக்கணக்கில் அல்ல. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை அல்லது கால் திடீரென்று விழுந்துவிட்டாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு கால்களும் துவண்டு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் உடனே போக வேண்டும். காய்ச்சலோடு திடீரென்று படுத்துவிட்டால் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுத் தொற்றோ காரணமாக இருக்கும்.

எந்தக் காரணத்துக்காகச் சேர்த்தாலும் மாத்திரைகளின் பெயர், அளவு, மணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்; வார்டில் மருந்து கொடுக்கும் பொது நேரத்துக்கு அதைத் தள்ளாமல் அவருடைய நேரத்துக்கே கொடுக்கும்படி நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் அனுமதித்த முதல் நாளிலிருந்தே கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, காலை நீட்டி மடக்கச் சொல்லி, முடிந்தால் நிற்கவையுங்கள். அந்த வயதில் ஒரு வாரம் படுத்திருந்தால் இழக்கும் வலுவைத் திரும்பப் பெறப் பல வாரங்கள் ஆகும்.